பனி யார் வீட்டில்?

மும்பை, தாணே தமிழர்களிடம் ஹாக்கி என்று சொன்னால் தன்ராஜ் பிள்ளையின் பெயர் வரும். புனேயை ஒட்டிய கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து நான்கு ஒலிம்பிக்குகளில் ஆடியவர் ஆயிற்றே. ஐஸ் ஹாக்கி என்று சொன்னால் சிரிப்புதான் வரும். மே மாதப் புழுக்கத்தில் தாணே ஸ்டேஷன் நடைபாலத்தில் நசுங்கி ஏறுபவர்களுக்கு ஐஸ் என்றால், குச்சியில் செருகி சிவப்புச் சாயம் ஊற்றித் தரும் பர்ஃப் கோலா ஒன்றுதான்.

ஆனால் இந்தச் சிரிப்பில் ஒரு பிழை இருக்கிறது. ஆசியாவின் ஐஸ் ஹாக்கி வரைபடத்தைப் பார்த்தால் அது புரியும்.

2025 மே கடைசியில் ஐக்கிய அரபு எமிரேட்சின் அல் ஐன் நகரில் பெண்களுக்கான ஆசியக் கோப்பைப் போட்டி தொடங்கியது. வெளியே வெயில் 40 டிகிரியைத் தாண்டும் பருவம். உள்ளே பனித்தளம். போட்டிக்கு முன் அணிகளை எடை போட முயன்றவர்கள் வழக்கமான கேள்விகளைத்தான் கேட்டிருப்பார்கள். தரவரிசையில் யார் மேலே? கோல் காப்பவர் எப்படி? அனுபவசாலிகள் எத்தனை பேர்? லடாக்கின் வீராங்கனைகளை நம்பி இந்தியா போயிருந்தது. இமயமலையின் பெண்களுக்கு முன்னால் வெப்பதேசத்து பிலிப்பைன்ஸ் என்ன செய்துவிடும் என்று பாமர ரசிகர் நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை.

நடந்தது வேறு. பிலிப்பைன்ஸ் தங்கம் வென்றது. ஈரானுக்கு வெள்ளி. இந்தியாவுக்கு வெண்கலம். இந்தியப் பெண்கள் அணி இந்த அளவிலான போட்டியில் வென்ற முதல் பதக்கம் அது. கொண்டாட வேண்டிய வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் பதக்க மேடையில் இருந்த வரிசை ஒரு பாடம் சொல்கிறது.

எட்டு ஆண்டுகள் பின்னோக்கிப் போனால் பாடம் இன்னும் தெளிவாகும். 2016ல் பொதுமக்களிடம் நிதி திரட்டித்தான் இந்தியப் பெண்கள் தைபேக்குப் போனார்கள். ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை. 2017 மார்ச்சில் பாங்காக்கில் முதல் வெற்றி கிடைத்தது, 4-3 என்ற கோல் கணக்கில். தோற்ற அணி எது தெரியுமா? இதே பிலிப்பைன்ஸ். அன்று இரண்டும் ஏறக்குறைய சமபலம். இன்று ஒன்று தங்கம், மற்றது வெண்கலம்.

இடைவெளிக்குக் காரணம் திறமை அல்ல. பனி. மணிலாவின் பெரிய மால்களில் ஆண்டு முழுக்க இயங்கும் பனித்தளங்கள் இருக்கின்றன. துணி வாங்க வந்த குடும்பத்தின் குழந்தை அங்கேயே சறுக்கக் கற்றுக்கொள்கிறது. 2017ல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டில் முதல் முறையாக ஐஸ் ஹாக்கி சேர்க்கப்பட்டபோது ஆண்கள் பிரிவில் தங்கம் வென்றதும் பிலிப்பைன்ஸ்தான். வெள்ளி தாய்லாந்துக்கு, வெண்கலம் மலேசியாவுக்கு. மூன்றுமே பனி பெய்யாத ஊர்கள். டெஹ்ரானிலும் ஒரு பிரம்மாண்டமான மாலுக்குள் ஒலிம்பிக் அளவுப் பனித்தளம் வந்த பிறகுதான் ஈரான் பெண்கள் வேகமாக மேலே வந்தார்கள்.

பிலிப்பைன்சுக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. வெளிநாட்டில் வளர்ந்த பிலிப்பினோ பிள்ளைகளை அது அணியில் சேர்த்துக்கொள்கிறது. இந்தியாவிலோ, இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் மட்டுமே நாட்டுக்காக ஆடலாம் என்பது அரசின் கொள்கை. கனடாவில் குழந்தைப் பருவத்திலிருந்து பனியில் வளரும் இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் கனடாவின் குடிமக்களாகிவிட்டால் அணிக்கு வர முடியாது. ஆனால் இது பாதிக் காரணம் மட்டுமே.

மறுபாதி லேயில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில், டிசம்பர் பிற்பகுதியில் குளங்கள் உறையும். பெரும்பாலும் இயற்கைப் பனியில்தான் ஆட்டம். பிப்ரவரியில் பனி இளகத் தொடங்கும். ஆக, பயிற்சி ஆண்டுக்கு இரண்டு மாதம். மீதிப் பத்து மாதம் ஓட்டமும் உடற்பயிற்சியும் காத்திருப்பும். குளிர்காலம் சூடேறினால் அந்த இரண்டு மாதமும் சுருங்கும்.

நாள் கணக்கு மட்டும் பிரச்னை இல்லை. ஐஸ் ஹாக்கித் தளம் சுமார் 60 மீட்டர் நீளம், சுற்றிலும் பலகைச் சுவர். பக் எனப்படும் ரப்பர் வட்டைச் சுவரில் மோதவிட்டு, அது எந்தக் கோணத்தில் திரும்பும் என்று கணித்து எடுப்பது ஆட்டத்தின் பாதி வித்தை. சுவர் இல்லாத குளத்தில் அதைக் கற்க முடியாது. கோலி உட்பட ஆறு பேர் களத்தில். மற்றவர்கள் முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை முழுவேகத்தில் உள்ளே போய் வெளியே வருவார்கள். இந்த மாற்றம் பிசகினால் கோல் விழும். மலைக்காற்றில் வளர்ந்த நுரையீரல் லடாக் பெண்களுக்கு மூச்சு தரும். சுவரில் திரும்பும் பக்கை அது சொல்லித் தராது.

உலகின் உச்சியிலும் இதே கணக்குதான். 1998ல் நகானோவில் பெண்கள் ஐஸ் ஹாக்கி ஒலிம்பிக்கில் நுழைந்தது முதல் தங்கம் அமெரிக்காவையும் கனடாவையும் தவிர வேறு யாருக்கும் போனதில்லை. ஊருக்கு ஊர் கூரை போட்ட பனித்தளம் வைத்திருப்பவர்கள் அவர்கள். குளிர் நாடு என்பதால் மட்டும் ஜெயிக்கவில்லை.

இந்தியாவிடம் தளமே இல்லையா என்றால், இருந்தது. 2011ன் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக டேராடூனில் சர்வதேச அளவுப் பனித்தளம் கட்டப்பட்டது. விழா முடிந்தது, பிறகு பல ஆண்டுகள் பூட்டுதான். பனியை உறையவைத்துக் காப்பதற்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குப் பணம் வேண்டும். 2025ல்தான் மீண்டும் திறந்தார்கள். தைபேக்கும் பாங்காக்குக்கும் போன பெண்கள் அதுவரை உள்நாட்டில் பூட்டைத்தான் பார்த்தார்கள்.

மும்பையின் கதையும் கிட்டத்தட்ட அதுதான். கோராயில் 1989ல் திறந்த எஸ்ஸெல்வேர்ல்டில் ஒரு பனிச்சறுக்குத் தளம் இருந்தது. இந்தியா சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பில் சேர்ந்ததும் அதே ஆண்டு. ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. பூங்கா 2022ல் மூடப்பட்டது. இன்று தாணேயின் அடுக்குமாடி வளாகங்களில் மாலை வேளையில் சக்கரக் காலணி கட்டிச் சுற்றும் குழந்தைகளுக்குக் குறைவில்லை. பெரிய மால்களுக்கும் குறைவில்லை. மணிலாவின் புழுக்கத்துக்கும் தாணேயின் புழுக்கத்துக்கும் பெரிய வித்தியாசமும் இல்லை.

எனவே அடுத்த போட்டிக்கு முன் அணிகளை ஒப்பிடும்போது, தரவரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட வேண்டும்: ஆண்டுக்கு எத்தனை நாள் பனி? மணிலாவுக்கு நேரே 365 என்று எழுதலாம். லேக்கு நேரே 60 என்று எழுதினாலே தாராளம். டேராடூனின் விளக்கு அணையாமல் இருந்தால் அந்த எண் மாறும். 60 நாள் பனியில் வெண்கலம் கொண்டுவந்தவர்களிடம் இன்னும் பதக்கம் கேட்பதற்கு முன், மீதி 305 நாளை அவர்களுக்கு யார் தரப்போகிறார்கள் என்று கேட்பதுதான் நியாயம்.