மதகு யார் கையில்?

பாகூர் பக்கத்துச் சேரி ஒன்றில் படிப்பு வட்டம் முடிந்து கலைகிற நேரம். அடுத்த இதழில் கல்பாக்கத்தைப் பற்றி எழுதப்போகிறோம் என்றதும் ஒரு மாணவத் தோழர் எழுந்து கேட்டார்: "குடிக்கிற தொட்டியில பீயக் கலக்குறானுங்க. அதுக்கே இன்னும் நியாயம் கெடைக்கல. நீங்க என்னாண்ணா அணுஉலைக்குத் தண்ணி ஒழுங்காப் போவுதான்னு கவலப்படுறீங்க!"

கேள்வி நியாயமானது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. குழந்தைகள் நோயில் விழுந்தபோது தொட்டிமேல் ஏறிப் பார்த்தது அந்தச் சேரி இளைஞர்கள்தான். இரண்டு வருசம் விசாரணை நடந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, அந்தத் தண்ணீரைக் குடித்த சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றம் சாட்டியது. தண்ணீருக்குக் காவல் யார், அதைச் சோதிக்கிறவர் யார், சோதித்ததை அவர் யாரிடம் சொல்லுவார் என்ற கேள்விகளை வேங்கைவயல் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அதே கேள்விகளோடுதான் கல்பாக்கத்துக்கும் போகிறோம்.

முதலில் விசயம் என்னவென்று பார்ப்போம். எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்பது நம் வீட்டு அடுப்பங்கரைப் பழமொழி. அணுஉலை அடுப்பில் இது செல்லாது. உலையை அணைத்த பிறகும், பிளந்த யுரேனியத்தின் மிச்சங்கள் தாமாகச் சிதைந்து வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். கல்பாக்கத்தின் 220 மெகாவாட் உலை ஒன்று உள்ளுக்குள் உண்டாக்கும் வெப்பம் சுமார் 800 மெகாவாட். அணைத்த உடனே அதில் ஆறேழு சதவீதம், அதாவது 50 மெகாவாட் அளவுக்குக் கொதிப்பு மிஞ்சும். ஒரு நாளில் அது அரை சதவீதத்துக்கு இறங்கும், ஆனால் நிற்காது. நாள்கணக்கில், மாதக்கணக்கில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கணும். தண்ணீர் ஓட பம்பு வேணும், பம்பு ஓட கரண்டு வேணும், கரண்டு போனால் டீசல் ஜெனரேட்டர் வேணும், அந்த ஜெனரேட்டர் நனையாத இடத்தில் இருக்கணும்.

இந்தக் கண்ணிகள் எல்லாம் ஒன்றாக அறுந்தால் என்ன ஆகும் என்பதை 2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமா காட்டியது. நிலம் அதிர்ந்ததும் உலைகள் ஒழுங்காகத்தான் அணைந்தன. பிறகு கடல் வந்தது. பம்புகளும் ஜெனரேட்டர்களும் முழுகின. தீயணைப்பு வண்டிகளை வைத்துக் கடல்தண்ணீரைப் பீய்ச்சியும் மூன்று உலைகளில் எரிபொருள் உருகிப்போனது.

அது ஜப்பான், இது இந்தியா என்று சொல்லிக்கொள்ள நமக்கு வழியில்லை. 1993 மார்ச் 31, உத்தரப் பிரதேசத்தின் நரோரா: சுழலியின் தகடுகள் உடைந்து தீப்பிடித்தது. கேபிள்கள் கருகின. 17 மணி நேரம் நிலையத்தில் கரண்டு இல்லை. நெருப்பணைக்க வைத்திருந்த டீசல் பம்புகளைக் கொண்டு தண்ணீர் ஏற்றித்தான் உலையைக் காப்பாற்றினார்கள். 1994 ஜூன், குஜராத்தின் கக்ராபார்: அடைமழையில் பக்கத்து ஏரி நிரம்பியது, மதகைத் திறக்க முடியவில்லை. வெள்ளம் சுழலிக் கட்டடத்துக்குள் புகுந்து குளிர்நீர் பம்புகளை முழுகடித்தது. நல்லகாலம், உலை ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது. இந்தச் சேதியைப் பத்திரிகைக்கு எழுதிய ஊழியருக்கு வேலை போனது. 2013இல் உச்ச நீதிமன்றமும் அவரைக் கைவிட்டது.

பிறகு நம் கடல். 2004 டிசம்பர் 26 காலை, நம் பாகூர் கொம்யூனின் நரம்பையிலும் பனித்திட்டிலும் வீடுகளை அடித்த அதே அலை கல்பாக்கத்தையும் அடித்தது. அங்கே குளிர்விக்கும் தண்ணீர், கடலுக்கடியில் சுமார் அரை கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வழியாக வருகிறது. இரண்டு உலைக்கும் சேர்த்து வினாடிக்கு 35,000 லிட்டர். சாதாரண நாளிலேயே ஆளிச்சிப்பியும் சொறிமீனும் வந்து அடைத்துக்கொள்ளும் வழி அது. அன்றைக்குக் கடலே பம்பு வீட்டுக்குள் வந்தது. பம்புகள் முழுகின. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையை அணைத்தார்கள். கரண்டு போகவில்லை, ஜெனரேட்டர்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை, உலை தப்பியது. ஈனுலைக்குத் தோண்டியிருந்த அடித்தளப் பள்ளம் கடல்நீரால் நிரம்பியது. நகரியத்தில் பல உயிர்கள் போயின. ஒரு வாரத்தில் உலை மறுபடியும் ஓடத் தொடங்கியது.

ஃபுகுஷிமாவுக்குப் பிறகு பரிசீலனை நடந்தது. அணுமின் கழகமே தன் நிலையங்களை ஆராயக் குழுக்கள் போட்டது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும் தன் முன்னாள் தலைவர் எஸ்.கே. சர்மா தலைமையில் ஒரு குழு போட்டது. வெளியிலிருந்து உலைக்குத் தண்ணீர் செலுத்த இணைப்புக் குழாய்கள், இழுத்துச் செல்லும் ஜெனரேட்டர்கள், கூடுதல் நீர்த்தேக்கம் என்று பரிந்துரைகள் வந்தன. ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. பரிசோதித்தவர் யார், அவருக்கு எசமான் யார் என்பதே நம் கேள்வி.

பகலில் வங்கியில் வவுச்சர் எழுதிப் பிழைக்கிறவன் நான். நான் போடும் வவுச்சரை நானே பாஸ் பண்ண முடியாது. ஐந்நூறு ரூபாயானாலும் இன்னொரு கையெழுத்து வேணும். அணுசக்தியில் வழக்கம் வேறாக இருந்தது. 1983இல் அரசாணையால் உருவான வாரியம், அணுசக்தி ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆணையத்தின் தலைவர்தான் அணுசக்தித் துறையின் செயலாளர். உலையை ஓட்டும் கழகம் அதே துறையின் கீழ். நாட்டாமை வயலில் மடை உடைந்ததா என்று பார்த்துவர அவர் வீட்டுக் கணக்குப்பிள்ளையை அனுப்புகிற கதைதான். வாரியத்தின் தலைவராக இருந்த ஏ. கோபாலகிருஷ்ணன் 1995இல் 130க்கு மேற்பட்ட பாதுகாப்புக் குறைகளைப் பட்டியல் போட வைத்தார். அந்த அறிக்கையை மக்கள் கண்ணில் காட்டவில்லை. 2012இல் தலைமைத் தணிக்கையாளர், வாரியத்துக்குச் சுதந்திரம் இல்லை என்று எழுதினார். விதிமீறலுக்கு உச்ச அபராதம் 500 ரூபாய் என்பதையும் சுட்டிக்காட்டினார். எனக்கு இரண்டு கையெழுத்து கேட்கும் அதே ஐந்நூறு! வாரியத்தை மாற்றியமைக்க 2011இல் கொண்டுவந்த மசோதா 2014இல் மக்களவையோடு காலாவதியானது. 2015இல் வந்து பார்த்த சர்வதேச அணுசக்தி முகமையின் குழுவும், வாரியத்தின் சுதந்திரத்தைச் சட்டத்தில் எழுதுங்கள் என்றது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 'சாந்தி' சட்டம் வாரியத்துக்குச் சட்டத் தகுதி கொடுத்திருக்கிறது. அதே சட்டம் தனியார் கம்பெனிகளுக்கும் அணுமின் நிலையக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. இனி லாபக் கணக்குப் பார்க்கிறவர் கையில் பம்பு வீடு. காவல்காரருக்குச் சட்டத் தகுதி வந்தால் போதாது, எசமானை எதிர்த்துப் பேசும் தைரியமும் வரணும்.

இதில் நாம் எங்கே நிற்கிறோம்? ஏரிக்கிராமத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. இப்படிப்பட்ட ஏரிகளில் பெரும்பாலும் மதகு திறந்து மூடியவரும், மழைக்காலத்தில் ராப்பகலாய்க் கரையில் கிடந்து உடைப்பு அடைத்தவரும் சேரியிலிருந்து போன நீர்க்கட்டி. எந்த மதகு எப்போது இறுகும், எந்த இடத்தில் கரை கசியும் என்பது அவருக்கு அத்துப்படி. ஆனால் யார் வயலுக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும் கூட்டத்தில் அவர் தள்ளி நின்று கேட்டுக்கொள்ளணும். வெள்ளம் வந்தால் மட்டும் முதல் ஆளாய்த் தண்ணீரில் இறங்கணும்.

அணுஉலையிலும் அடைப்பெடுப்பது, கழுவுவது, துடைப்பது, சுமப்பது என்றால் காண்ட்ராக்ட் ஆள். ஃபுகுஷிமாவில் அள்ளிக் கழுவ உபகாண்ட்ராக்ட்காரர்கள் கொண்டுவந்தது நாள்கூலிகளை. நம் நாட்டில் அழுக்கு வேலைக்கு ஆள் தேடும் கை எந்தத் தெருவுக்கு நீளும் என்று நமக்குத் தெரியும். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் பிணங்களை அள்ளிய துப்புரவுத் தொழிலாளர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள், நிவாரண வரிசையில் யாரைக் கடைசியில் நிறுத்தினார்கள் என்பதும் தெரியும்.

அவசரகாலத் திட்டம் உலையைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை. ஃபுகுஷிமாவில் அமெரிக்க அரசு தன் குடிமக்களுக்குச் சொன்ன தூரம் 80 கிலோமீட்டர். வில்லியனூரும் பாகூரும் கல்பாக்கத்திலிருந்து நேர்கோட்டில் 100 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. ஒருநாள் ஓட வேண்டிவந்தால் பைக்கும் காரும் உள்ளவன் ஓடிடுவான். அன்றாடம் காய்ச்சி எங்கே ஓடுவான்? ஊர்க்காரன் திறந்துவிடும் மண்டபத்தில் சேரிக்காரனுக்கு இடம் உண்டா?

ஆகவே நாம் கேட்பது இவை. குளிர்நீர்ப் பாதுகாப்பைப் பரிசீலிக்கும் குழுவில் துறைக்கு வெளியே உள்ள அறிஞர்களும் கடலோர மக்களின் பிரதிநிதிகளும் உட்காரணும். பம்பு வீட்டில் வேலை செய்யும் காண்ட்ராக்ட் தொழிலாளர்களின் வாக்குமூலத்தைப் பதியணும், சொன்னவர் வேலை போகாது என்ற எழுத்து உத்தரவாதத்தோடு. அவர்கள் உடம்பு வாங்கிய கதிர்வீச்சின் கணக்கு அவரவர் கையிலேயே இருக்கணும். பரிசீலனை அறிக்கை, நிறைவேறாத பரிந்துரைகளின் பட்டியலோடு, தமிழில் வரணும். புதுவை கொம்யூன் பஞ்சாயத்துகளில் அதைப் படித்துக் காட்டணும். இடிந்தகரையில் இப்படிக் கேட்டவர்கள் மேல் தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். அந்த வழியில் பதில் சொல்வதை அரசு விட்டுவிடணும்.

கேள்வி கேட்ட தோழருக்கு ஒரு வார்த்தை. வேங்கைவயலை விட்டுவிட்டுக் கல்பாக்கத்துக்கு வாருங்கள் என்று நாம் கூப்பிடவில்லை. அந்தச் சேரி இளைஞர்கள் அதிகாரி வரட்டும் என்று காத்திருந்தால் இன்னும் எத்தனை குழந்தைகள் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கும்? ஏறிப் பார்த்தார்கள், உண்மை தெரிந்தது. ஏறிப் பார்த்தால் நம் மேலேயே வழக்கு வரும் என்பதும் அங்கே தெரிந்துவிட்டது. வரட்டும் தோழா. தண்ணீரைப் பற்றிக் கேட்கும் உரிமையை 1927இல் மகத்தின் குளத்தில் இறங்கி அள்ளிக் குடித்தபோதே அண்ணல் நமக்கு எடுத்துக் கொடுத்துவிட்டார். அடுத்த படிப்பு வட்டத்தில் கல்பாக்கம் வரைபடத்தை விரித்து வைப்போம். நீயும் வா, வேங்கைவயல் குற்றப்பத்திரிகையையும் கொண்டுவா. இரண்டையும் ஒன்றாகப் படிப்போம்.