சந்தை இடம் மாறிய பிறகு விழித்துக்கொண்ட பஸார்

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நான்கு வியாபாரிகள் கூடினால் பேச்சு முதலில் டொலர் விலைக்குப் போகும். அடுத்ததாக சபைக்கு வந்து சேரும். கான் அடைத்துக் கிடக்கின்றது, குப்பை லொறி வரவில்லை, வீதி விளக்கு எரியவில்லை என்று ஆளுக்கொரு குறை சொல்வோம். சபை நமக்கு என்ன செய்தது என்று கேட்பதில் நாம் சளைத்தவர்களல்ல. சபை ஒரு முடிவை எடுக்கும்போது நாம் எங்கே இருந்தோம் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. இவ்வாரம் அதனைக் கேட்க விரும்புகின்றேன். குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்பவன் நான்தான்.

2019 ஆம் ஆண்டு எமதூர் வாராந்தச் சந்தையை பஸாருக்குப் பின்னாலிருந்த திடலிலிருந்து ஊருக்கு வெளியே கொண்டுசெல்ல பிரதேச சபை முடிவு செய்தது. புதிய இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு இடம் பிரித்த பிறகுதான் கடைக்காரர்களாகிய எமக்கு விஷயம் தெரிய வந்தது. சந்தை நாள் வியாபாரம் என்பது எங்களுக்கு மற்ற மூன்று நாள் வியாபாரத்துக்குச் சமம். மரக்கறி வாங்க வருபவர்தான் திரும்பும் வழியில் புடவையும் செருப்பும் சட்டி பானையும் வாங்குவார். பதறிப்போய் ஏழெட்டுப் பேர் உறுப்பினர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றோம். அவர் அமைதியாகச் சொன்னார்: "நானா, இது மூணு கூட்டத்தில பேசின விஷயம். பஸாரிலிருந்து ஒரு கடிதமாவது வந்ததா?"

எம்மிடம் பதில் இருக்கவில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது. ஏனெனில், அந்த மூன்று மாதங்களுக்குள் அதே உறுப்பினரை நான் இரண்டு முறை சந்தித்திருந்தேன். ஒருமுறை என் கடை வாசலில் உடைந்த கான் மூடிக்காக. மறுமுறை மருமகனின் கட்டட வரைபட அனுமதியைத் துரிதப்படுத்துவதற்காக. இரண்டும் நடந்தன. தேநீர் அருந்திவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தேன். சபையில் என்ன பேசப்படுகின்றது என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

சபையின் பக்கமும் நியாயம் இருந்தது. பழைய திடலில் மலசலகூடம் கிடையாது. மழை பெய்தால் சேறு. கிராமத்திலிருந்து கூடை சுமந்து வரும் பெண்கள் இடமாற்றத்தை விரும்பினார்கள். அவர்கள் தம் குறையைச் சொன்னார்கள், நாம் நமது குறையைச் சொல்லவில்லை. சொன்னவர்களின் பேச்சைக் கேட்டு முடிவெடுத்த சபையை எப்படிக் குறை கூறுவது?

நமது சமூகத்தில் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கின்றது. நம்மவர் ஒருவர் சபையில் இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்பது. கொழும்பு மாநகர சபையில் எம்.எச். முஹம்மத், ஏ.எச்.எம். பௌஸி, ஏ.ஜே.எம். முஸம்மில் ஆகியோர் மேயர்களாக இருந்திருக்கின்றார்கள். 2006 இல் த்ரீவீல் சாரதியான உவைஸ் முஹம்மத் இம்தியாஸும் அக்கதிரையில் அமர்ந்தார். பெருமைப்பட வேண்டிய விடயங்களே. எனினும் நம்மவர் கதிரையில் இருப்பதும், நமது பிரச்சினை கூட்ட நிகழ்ச்சி நிரலில் இருப்பதும் வேறு வேறு. எமதூர் உறுப்பினரும் நம்மவர்தான். நாம் சொல்லாததை அவர் எப்படிச் சபையில் சொல்வார்?

சபையே இல்லாத காலத்தையும் நாம் பார்த்துவிட்டோம். 2023 மார்ச் 19 உடன் நாட்டின் ஏறக்குறைய எல்லா உள்ளூராட்சி சபைகளினதும் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் பணமில்லை என்று பிற்போடப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6 ஆம் திகதி வாக்களிக்கும் வரை இரண்டு வருடங்களுக்கு மேலாக ஆணையாளர்களும் செயலாளர்களுமே சபைகளை நடத்தினார்கள். கான் மூடிக்குக்கூட யாரிடம் போவதென்று தெரியாமல் நின்றோம். உறுப்பினரின் அருமை அப்போது விளங்கியது.

இப்போதைய சபைகளில் இன்னொரு விசேஷமும் உண்டு. வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த தேர்தல் முறை 2018 இல் நடைமுறைக்கு வந்த பிறகு பல சபைகளில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைப்பதில்லை. 117 உறுப்பினர்களைக் கொண்ட கொழும்பு மாநகர சபையில் 2025 இல் தேசிய மக்கள் சக்திக்குக் கிடைத்தவை 48 ஆசனங்கள். ஜூன் 16 இல் நடந்த இரகசிய வாக்கெடுப்பில் அதன் வேட்பாளர் 61 வாக்குகளும் எதிர்த் தரப்பு வேட்பாளர் 54 வாக்குகளும் பெற்றார்கள். இப்படிப்பட்ட சபைகளில் ஒவ்வொரு உறுப்பினரின் கையும் பெறுமதியானது. எனவே கட்சி எதுவாயினும், பத்துக் கடைக்காரர்கள் ஒன்றாகச் சென்று எழுத்தில் ஒரு விடயத்தைக் கொடுத்தால் அதனை உதறித் தள்ளுவது எவருக்கும் இலகுவல்ல.

வருட ஆதன வரியை ஜனவரி 31 இற்கு முன் கட்டினால் நூற்றுக்குப் பத்து வீதம் கழிவு உண்டு. இந்தத் திகதி எந்த வியாபாரிக்கும் மறப்பதில்லை. ஆனால் அந்த வரியை எப்படிச் செலவிடுவதென்று தீர்மானிக்கும் வரவு செலவுத் திட்டம் வருட இறுதியில் எந்த நாளில் சபைக்கு வருகின்றது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கழிவைக் கவனிக்கின்றோம், முதலைக் கவனிப்பதில்லை. எந்த வியாபாரி தன் கடையை இப்படி நடத்துவான்?

பணமும் செல்வாக்கும் இல்லாமல் செய்யக்கூடிய காரியங்கள் இருக்கின்றன. சபையின் மாதாந்தக் கூட்டத்துக்கு வர்த்தக சங்கத்திலிருந்து முறைவைத்து ஒருவர் சென்று அமரட்டும். பிரதேச சபைகளின் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊர்வாசிகளையும் சேர்த்துக்கொள்ள 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தில் இடமிருக்கின்றது. அந்த இடத்தைக் கேட்டுப் பெறுவோம். தகவல் மறைக்கப்பட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் கையிலிருக்கின்றது. விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் தன் முடிவை அறிவிக்க வேண்டும்.

நாங்களும் அப்படித்தான் பிந்தியேனும் விழித்தோம். சந்தை தொடர்பான கூட்ட அறிக்கையை விண்ணப்பித்துப் பெற்றோம். புதிய சந்தையிலிருந்து பஸாருக்கு ஒரு குறுக்கு வீதி அமைப்பதாக அதிலே தீர்மானம் இருந்தது. வீதி மட்டும் போடப்படவில்லை. சந்தையைத் திரும்பக் கொண்டு வாருங்கள் என்று இப்போது நாங்கள் கேட்கவில்லை. அந்தப் பெண்களுக்குக் கிடைத்த கூரையைப் பிடுங்குவது முறையுமல்ல. நீங்களே தீர்மானித்த வீதியைப் போடுங்கள் என்றே கேட்கின்றோம். புதிய சபைக்கு நாற்பத்திரண்டு கடைக்காரர்கள் கையொப்பமிட்ட கடிதம் போயிருக்கின்றது.

மஷூரா செய்து காரியமாற்றும்படி நமக்குக் கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது. வீட்டிலும் பள்ளிவாசலிலும் மஷூரா செய்கின்ற நாம், நமது கடைத்தெருவின் தலைவிதி தீர்மானிக்கப்படும் மஷூராவுக்கு மட்டும் போகாமலிருப்பது ஏன்? அடுத்த மாதக் கூட்டத்தின் திகதியை நாளைக்கே விசாரித்து வையுங்கள். இன்ஷா அல்லாஹ், நானும் போவேன். இம்முறை கான் மூடிக்காக அல்ல.