டிஸ்க் மாற்றும் முன் அந்த டிரம்மைக் கழற்றிப் பாருங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். கெப் வைத்திருப்பவர்களும் கெப்பில் பிள்ளைகளை அனுப்புபவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

சில மாதங்களாக நமது ஊர்க் கராஜ்களில் ஒரே கதை. பழைய கெப்பின் பின் சக்கரத்து டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பூட்டுவது. "சேர், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் எண்டா மிதிச்ச இடத்துல நிக்கும் சேர்" என்று நம்மிடம் படித்த தம்பிமாரே நமக்கு விளங்கப்படுத்துகிறார்கள். பஞ்சிகாவத்தையில் ஒரு சோடி பழைய கெலிப்பர், இரண்டு டிஸ்க் தட்டு, ஊர் வெல்டிங் கடையில் வெட்டிய இரும்புத் தகடு. குறைந்த செலவில் வேலை முடிந்துவிடும் என்பது அவர்களின் கணக்கு.

அந்த ஆசையை நாம் பிழை சொல்லவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்தாலும், வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே இருபது, முப்பது வருடம் ஓடிய ஹைலக்ஸோடுதான் நமது வயலும் மீனும் ஹயரும் நடக்கின்றன. அதைத் திருத்தி நல்லதாக்க நினைப்பது நல்ல எண்ணம். ஆனால் கையில் இருப்பது கொஞ்சக் காசு என்றால் அதை முதலில் டிஸ்க்கில் போடக் கூடாது, இருக்கிற டிரம்மைச் சீராக்குவதில் போட வேண்டும் என்பதுதான் நமது கருத்து.

பிரேக்கை மிதித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. சாமான் ஏற்றாத கெப்பில் பின்பக்கம் ஏற்கெனவே இலேசு. அந்த நேரத்தில் நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு முன் சக்கரங்களுக்குத்தான். பின்னால் எவ்வளவு நல்ல பிரேக் பூட்டினாலும் ரோட்டைப் பிடிப்பது டயர். டயரின் பிடிக்கு மேலே பிரேக் பிடித்தால் பின் சக்கரம் இறுகி, மழை ரோட்டில் வண்டியின் வால் சுற்றும். மிதித்த இடத்தில் நிற்க வேண்டுமானால் முன் பேட், முன் டிஸ்க், டயர் மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். பட்டன் தேய்ந்த டயரோடு ரியர் டிஸ்க் பற்றிப் பேசுகிற தம்பிமாரையும் நாம் பார்க்கிறோம்!

டிரம் என்றால் மட்டமான சாமான் என்ற எண்ணமும் பரவியிருக்கிறது. டிரம் சுழலும்போது முன்பக்க லைனரைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். அதனால் மிதிக்கிற பலத்தைவிடக் கூடுதலான பிடி தானாகவே கிடைக்கும். கை பிரேக்கும் அதே லைனரில் வேலை செய்யும். பாரம் ஏற்றும் வண்டிக்கு இது பெரிய வசதி. 2015 இல் வந்த புதிய தலைமுறை ஹைலக்ஸில்கூட பெரும்பாலான வகைகளுக்கு டொயோட்டா பின்னால் டிரம்தான் வைத்தது. மலிவு என்பதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை.

அப்படியானால் நமது வண்டிகளில் மட்டும் ஏன் பிடிப்பதில்லை? கழற்றிப் பார்த்தால் விடை உள்ளே கிடக்கும்.

வயல் சேறு காய்ந்து மாவாகக் கிடக்கும். கடல் காற்று பட்டு இரும்பெல்லாம் துருப்பிடித்திருக்கும். வீல் சிலிண்டரின் ரப்பர் போய் பிரேக் ஒயில் கசியும், அல்லது எக்ஸில் சீல் தேய்ந்து டிஃபரன்ஷல் ஒயில் லைனரில் ஊறியிருக்கும். ஒயில் ஊறிய லைனரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்பப் பூட்டுவது ஏமாற்று வேலை. சீலை மாற்றி, லைனரையும் மாற்ற வேண்டும். டிரம்மை லேத்தில் கடைவதாக இருந்தால் எவ்வளவு விட்டம் வரை கடையலாம் என்பது டிரம்மிலேயே பொறித்திருக்கும். அதைத் தாண்டியிருந்தால் அந்த டிரம் இனிப் பழைய இரும்புக்குத்தான். இன்னொன்று, பழைய லைனரில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். அந்தத் தூசியைக் கொம்பிரசர் காற்றால் ஊதாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள். பக்கத்தில் குந்தியிருந்து சாவி எடுத்துக் கொடுக்கும் சின்னப் பையனுக்கும் நுரையீரல் இருக்கிறது.

அடுத்தது லைனரின் இடைவெளி. பல பழைய டொயோட்டா கெப்களில் கை பிரேக்கை இழுக்கும்போதுதான் பின் லைனர் தானாகச் சரிசெய்துகொள்ளும். நாமோ கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு இறங்குகிற ஆட்கள். கை பிரேக்கை மாதக்கணக்காகத் தொடாவிட்டால் லைனர் தேயத் தேய இடைவெளி கூடி, மிதி கீழே போகும். கை பிரேக் கேபிள் வந்து சேரும் சின்ன நெம்புகோலும் துருவில் இறுகிவிடும். "டிரம் சரியில்ல" என்று சொல்லப்படும் வண்டிகளில் கணிசமானவற்றுக்கு இதுதான் நோய். கழற்றி, துரு எடுத்து, கிறீஸ் வைத்து, லைனரைச் சரிக்கட்டினால் மிதி மேலே வந்துவிடும்.

யாரும் தொடாத இன்னொரு சாமானும் இருக்கிறது. பின் எக்ஸிலுக்கும் சேசிக்கும் நடுவில் ஒரு கம்பியோடு சேர்ந்த வால்வு. பாரம் ஏற்றி வண்டி தாழ்ந்தால் அந்தக் கம்பி அசைந்து பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். வெறும் வண்டியில் அழுத்தத்தைக் குறைக்கும். நெல் மூட்டை தாங்கவென்று பின் ஸ்பிரிங்குக்கு மேலதிகத் தகடு சேர்த்து வண்டியை உயர்த்தினோமா, வால்வு ஏமாந்துவிடும். தட்டில் ஒரு தொன் நெல் இருக்கும்போதும் வண்டி வெறுமையாகப் போகிறது என்று நினைத்து பின் பிரேக்கை அரைத் தூக்கத்தில் வைத்திருக்கும். கம்பியை முறைப்படி சரிசெய்தால் போதும்.

டிஸ்க் பூட்டினாலும் இதே வால்வுதான் குறுக்கே நிற்கும். டிஸ்க்குக்கு டிரம் மாதிரித் தானாக இழுத்துக்கொள்ளும் குணம் கிடையாது. அதற்கு அழுத்தம் கூடுதலாக வேண்டும், கெலிப்பருக்கு ஏற்ற அளவு ஒயிலைத் தள்ள மாஸ்டர் பம்பாலும் முடிய வேண்டும். டிரம்முக்கென்று அளந்த வால்வையும் பம்பையும் அப்படியே வைத்துக்கொண்டு கெலிப்பரை மட்டும் மாற்றினால், வெளியே பளபளவென்று தட்டுத் தெரியும், பின் பிரேக் முன்பைவிடக் குறையவும் கூடும்.

டிஸ்க்குக்கு உண்மையான நன்மைகளும் உண்டு. சூட்டை வேகமாக வெளியேற்றும், நனைந்தாலும் சீக்கிரம் காயும். மாரியில் வெள்ளம் கடந்து போகிற நமக்கு அது தெரியாததல்ல. டிரம்முக்குள் தண்ணீர் போனால் கொஞ்சத் தூரம் மெதுவாகப் பிரேக்கை மிதித்தபடி ஓட்டிக் காயவைக்க வேண்டியிருக்கும். ஆனால் சேறும் மணலும் கெலிப்பரின் ஊசிகளையும் இறுக்கும், பேட்டையும் தின்னும். வயலுக்குள் இறங்கும் வண்டிக்கு இரண்டிலும் பராமரிப்பிலிருந்து தப்ப முடியாது.

சூடு என்றால் உடனே மஹியங்கனைப் பதினெட்டு வளைவைச் சொல்வார்கள். பேராதனைக் கெம்பஸில் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பும்போது ஹுன்னஸ்கிரியவிலிருந்து இறங்குகிறோமே, அந்த இறக்கம். அங்கே முழு இறக்கமும் பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் எந்தப் பிரேக்கும் சூடேறும். ஏறுவதற்குப் போடும் கியரிலேயே இறங்க வேண்டும். அதோடு ஒயிலைப் பாருங்கள். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 தரம் என்றால் புதிதில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 பாகை. கொதித்தால் குழாயில் ஆவி நிறையும், மிதி தரையைத் தொடும். டிரம்மானாலும் டிஸ்க்கானாலும் அப்போது ஒன்றுதான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றும் ஒயிலுக்கு எவ்வளவு காசு போய்விடப் போகிறது? நாம் "ஒயில்" என்று கூப்பிடுவதால் சிலர் அவசரத்துக்கு இஞ்சின் ஒயிலை ஊற்றிவிடுகிறார்கள். அது ரப்பரையெல்லாம் ஊதவைத்து முழு பிரேக்கையும் நாசமாக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் டிஸ்க்தான் வேண்டும் என்றால், முதல் கேள்வி கை பிரேக். மலிவு வேலைகளில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். "கியர்ல போட்டா நிக்கும்தானே" என்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கை பிரேக் கேபிள் பூட்டக்கூடிய கெலிப்பர், அல்லது நடுவில் சின்ன டிரம் உள்ள தட்டு கிடைத்தால் மட்டும் வேலையைத் தொடங்குங்கள். கெலிப்பர் தாங்கும் தகட்டைக் கண் அளவில் கேஸ் வைத்து வெட்டாமல் லேத்தில் அளந்து செய்விக்க வேண்டும். பிரேக்கின் முழு இழுவையும் அந்தத் தகட்டிலும் அதன் போல்ட்டிலும்தான் விழும். பேரிங்கைக் கழற்ற அழுத்த இயந்திரம் வேண்டும் என்பதால் பின்தட்டைப் பாதியில் அறுத்துவிடுவதும் நடக்கிறது, விடாதீர்கள். பழைய 15 அங்குல ரிம்முக்குள் கெலிப்பர் இடிக்காமல் சுற்றுகிறதா என்று சாமான் வாங்கும் முன்பே அளந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அது "குறைந்த செலவு" வேலையாக இருக்காது.

வருடா வருடம் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். அங்கே அளப்பது புகையை. பின் லைனரில் ஒயில் ஊறியிருப்பதை அந்த இயந்திரம் காட்டாது. விபத்து நடந்தால், இந்தக் கெலிப்பர் யார் பூட்டியது என்று காப்புறுதிக்காரர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் உரிமையாளர். பூட்டிய பையன் அதற்குள் கட்டாருக்குப் போயிருப்பான்.

கெப்பின் பின் தட்டில் பிள்ளைகளை நிற்கவைத்து ஏற்றுவதே கூடாது. அது தனிப் பதிவாக எழுத வேண்டிய விடயம். இப்போதைக்கு, விளையாட்டுப் போட்டிக்கும் சுற்றுலாவுக்கும் வாகனம் பேசும்போது சாரதியிடம் ஒன்றைக் கேட்கப் பழகுவோம். பின் டிரம்மைக் கடைசியாக எப்போது கழற்றினீர்கள்? கராஜ்காரர் பில்லின் பின்னால் திகதி போட்டு, லைனர், சிலிண்டர், கை பிரேக் பார்த்தாயிற்று என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். அந்தத் துண்டைக் காட்டுகிறவருக்கு ஹயர் காசு ஐந்நூறு கூடப் போனாலும் பேரம் பேச வேண்டாம்.