ஜினீவாவின் கையும் நம்முடைய வாயும்

தோட்டத் தொழிலாளர் குறைகளைப் பேசும் நம்மவருள் இரு கட்சியார் உளர். “ஜினீவாவிலுள்ள சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் யாவற்றையும் பார்த்துக்கொள்ளும்” என்பர் ஒரு சாரார். “அஃது அந்நியர் தலையீடு, நம் சர்க்காருக்கு எவரும் பாடம் புகட்ட வேண்டுவதில்லை” என்பர் மறுசாரார். இரண்டும் பிழை.

1919-இல் தோன்றிய அந்த ஸ்தாபனத்திற்குப் போலீஸும் இல்லை, சிறையும் இல்லை. உறுப்பு நாடுகள் சட்டம் வரையத் துணைபுரியும், உத்தியோகஸ்தரைப் பயிற்றும், ஏற்ற உடன்படிக்கையை எவ்வாறு நிறைவேற்றினீர் என்று கேட்கும். கதவடைக்கும் சர்க்காரை அது யாது செய்யும்? கட்டாய உழைப்பை ஒழிக்கும் 105-ஆம் உடன்படிக்கையை 1958-இல் ஏற்ற நம் நாடு, 1990-இல் அதனின்று விலகிக்கொண்டது!

அதே நாடு 2021-இல் அந்த ஸ்தாபனத்தின் துணையோடு கட்டாய உழைப்பை எதிர்க்கும் தேசியச் செயல்திட்டம் வகுத்தது. 2022-இல் அதைப் பற்றிய புதிய துணை உடன்படிக்கையையும் ஏற்றது. மனம் தானே மாறிற்றோ? 2020-இல் நம் நாட்டுக் கையுறை, செம்பனை எண்ணெய்க் கம்பெனிகள் சிலவற்றின் சரக்கை அமெரிக்கச் சுங்கத்தார் தடுத்ததை நினைவிற் கொள்க. மடியில் கைவைத்ததும் செவி திறந்தது.

தோட்டத்தாருக்கென்றே 1958-இல் 110-ஆம் உடன்படிக்கை எழுதப்பட்டது. வேலையினின்று நீக்கப்பட்டவர் வீட்டைக் காலி செய்ய நியாயமான அவகாசம் தருக என்பது அதன் விதிகளுள் ஒன்று. இலங்கை 1995-இல் அதை ஏற்றது, நாம் ஏற்கவில்லை. லூனாஸைச் சுற்றிலும் பால்மரக் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்பு நிலமாகவும் மாறியபோது லயத்தை விட்டு வெளியேறியவருள் எத்தனை பேர் இந்த எண்ணைக் கேள்வியுற்றனர்? பெரட்டில் பேர் கூப்பிடும் கிராணியாகிய யான் சொல்வேன்: செக்ரோல் எண்ணை அறியாதார் இலர், இந்த எண்ணை அறிந்தாரைக் கண்டிலேன்.

தோழர்களே! உடன்படிக்கைகள் குறித்து சர்க்கார் அனுப்பும் அறிக்கையின் நகலைத் தொழிலாளர் பிரதிநிதிச் சங்கங்களுக்கும் தர வேண்டுமென்பது அந்த ஸ்தாபனத்தின் விதி. சங்கம் தன் கருத்தையும் ஜினீவாவுக்கு எழுதலாம். மாதந்தோறும் சந்தா செலுத்தும் நாம், “என்ன எழுதினீர்?” என்று நம் சங்கத்தாரை ஒருமுறையேனும் கேட்டதுண்டா? ஓட்டுக் கேட்டு வருவோரிடம், “110-ஐ ஏற்பது எப்போது?” என்றதுண்டா?

அந்த ஸ்தாபனம் கை கொடுக்கும். நம் பொருட்டு வாய் திறவாது. கேட்க வேண்டிய வாய் நம்முடையது. அதை மூடிக்கொண்டு ஜினீவாவின் கையை நோக்கியிருப்பது பேதைமை. அக்கையைத் தட்டிவிடுவது அதனினும் பேதைமை.