குழந்தைக் காப்பகங்களும் எமது கடமையும்

வாய் திறந்து முறையிட அறியாத மழலையைக் காப்பது பெற்றோர் கடன். பெற்றோர் தொழிலுக்குச் சென்ற வேளையில் அது ஊரின் கடனுமாகும்.

இரணைமடுவை நம்பிக் காலபோகமும் சிறுபோகமும் செய்யும் கிளிநொச்சியிலே, தாய் வயலுக்குச் சென்றால் அம்மம்மாவோ பெரியம்மாவோ பிள்ளையைப் பார்த்துக்கொண்ட காலம் ஒன்றிருந்தது. 2008, 2009 ஆம் ஆண்டுகளின் போரும் இடப்பெயர்வும் அக்குடும்பங்கள் பலவற்றைச் சிதறடித்தன. இன்று ஆடைத் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் செல்லும் தாய்மாருள், துணைவரை இழந்து தனியே குடும்பம் தாங்குவோரும் உளர். அவர்கள் பகற்பராமரிப்பு நிலையங்களை நாடுவது குற்றமன்று. நிலையத்தின் தரத்தை எவரும் ஆராயாது விடுவதே குற்றம்.

2004 யூலை 16 ஆம் நாள் கும்பகோணத்துப் பாடசாலையொன்றின் சமையற்கூடத்தில் எழுந்த தீ, ஓலைக் கூரையைப் பற்றி 94 பிள்ளைகளைப் பலிகொண்டது. ஓலைக் கூரையும், குறுகிய படிக்கட்டும், பிள்ளைகளின் நெருக்கமும் தீப்பற்றிய பின் தோன்றியவை அல்ல. முதல் நாளும் அவை அங்கேயே இருந்தன. பார்த்தவர் கேள்வி எழுப்பவில்லை.

ஆகவே, பார்க்க வேண்டியவை எவை? முதலாவது, படலை. முன்னறிவித்தல் இன்றி வரும் பெற்றோரை உள்ளே விடாத நிலையம் ஐயத்துக்குரியது. இரண்டாவது, தலைக்கணக்கு. இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் வேண்டுமென்பது சட்டம். இங்கே ஒருத்தியே பத்துக் குழந்தைகளுக்குப் பாலூட்டி, துடைத்து, தூங்கவும் வைப்பாளாயின், அவள் எத்துணை நல்லவளாயினும் அது காப்பகமன்று. மூன்றாவது, வளவு. கட்டில்லாக் கிணறு, வேலியில்லா வாய்க்கால், கைக்கெட்டும் அடுப்பு, பூச்சிமருந்துப் போத்தல் ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் பிள்ளையை அங்கு விடலாகாது. மாதந்தோறும் பணியாளர் மாறுதலும், பட்டப்பகலில் பிள்ளைகள் யாவரும் அசைவின்றி அடங்கிக் கிடத்தலும் நல்ல குறிகள் அல்ல.

புதிதாகச் சேர்ந்த பிள்ளை சில நாள் அழுவது இயல்பே. பழகிய பிள்ளை திடீரென அஞ்சி ஒடுங்குவதும், காரணம் கூறப்படாத காயத்துடன் வருவதும் இயல்பல்ல. அத்தகைய வேளையில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடத் தயங்குதல் ஆகாது.

ஆயினும், பழுதைக் கண்ட தாய் பிள்ளையை வேறெங்கு கொண்டு செல்வாள்? நாட்கூலியை இழக்க முடியாதவளுக்கு எச்சரிக்கை மட்டும் போதுமா? நல்ல நிலையம் அருகில் இருந்தாலன்றோ தீயதை அவள் விலக்க முடியும்! போருக்குப் பின் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் முன்பள்ளி ஆசிரியைகள் பலருக்குப் பாதுகாப்பு அமைச்சின் கீழிருந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களம் சம்பளம் வழங்கியது. அதற்குக் கண்டனம் எழுந்தது, எழுந்தது நியாயமே. எனினும், மாகாணத்தின் சொற்பக் கொடுப்பனவில் வாழ முடியாமையும் அவர்களை அங்கு செலுத்திற்று என்பதை மறுக்கவியலாது. பிள்ளை வளர்ப்போரைப் பட்டினியில் வைத்துக்கொண்டு தரத்தைப் பற்றிப் பேசுதல் வீண்.

எனவே, மாகாண நிர்வாகம் பராமரிப்பாளருக்குப் பயிற்சியும் வாழத்தக்க ஊதியமும் வழங்குதல் வேண்டும். பிரதேச சபைகளும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் முன்னறிவித்தலின்றி நிலையங்களைப் பார்வையிட்டு, கண்டதை ஊரறிய ஒட்டுதல் வேண்டும். கமக்காரர் அமைப்புகளும் மாதர் சங்கங்களும் படித்த உத்தியோகத்தரும் ஒன்றுகூடித் தத்தம் ஊர் நிலையத்துக்கு மேற்பார்வைக் குழு அமைத்தல் வேண்டும்.

மாரிக்கு முன்னரே குளக்கட்டை நடந்து பார்த்து, வெடிப்பைக் கண்டால் மண்ணிட்டு அடைப்பவர் எம் கமக்காரர். உடைத்த பின் வெள்ளத்தைத் தடுக்க முடியாதென அவர்கள் அறிவர். அவ்விழிப்பைக் குழந்தைக் காப்பகங்கள்பாலும் செலுத்துமாறு வேண்டுகிறோம்.