பணி செய்ய மறுக்கும் மருந்துப் பேனா



மூக்குக் கண்ணாடியும் தஸ்பீஹ் மணியும் வைக்கும் மாடத்தில் இன்று பல வீடுகளில் இன்சுலின் பேனாவும் இடம் பிடித்துவிட்டது. இந்தியாவில் பத்துக் கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவு நோயுடன் வாழ்கின்றனர் என்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த பெரும் ஆய்வு 2023-ஆம் ஆண்டில் அறிவித்தது. அவர்கள் எல்லோரும் ஊசி போட்டுக்கொள்பவர் அல்லர். ஆயினும் போட்டுக்கொள்வோருக்கு அந்தப் பேனா ஒருவேளைச் சோற்றைப் போல இன்றியமையாதது.

பேனா ஒழுங்காக வேலை செய்யும்வரை அதைப் பற்றி யாரும் சிந்திப்பதில்லை. ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். இஷாத் தொழுகை முடிந்து உணவு பரிமாறியாகிவிட்டது. வாப்பா பேனாவை எடுத்து அழுத்துகிறார். பித்தான் இறங்க மறுக்கிறது. மருந்துக் கடையோ மூடிவிட்டது. ஒருவர் பேனாவைத் தரையில் தட்டிப் பார்க்கிறார். ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு திருகுகிறார். இன்னொருவர், “பழைய ஊசி இருக்கிறதே, அதைக் கொண்டு உள்ளேயிருக்கும் மருந்தை உறிஞ்சிப் போட்டுவிடலாம்” என்கிறார். முதலிரண்டு செயல்களும் பேனாவைக் கெடுக்கும். மூன்றாவது, ஆளையே கெடுத்துவிடும்.

எனவே ஒன்றை நெஞ்சில் இருத்திக்கொள்ளுங்கள்: பேனா சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டிய இடம் காற்றுவெளி, மனித உடல் அன்று.

1921-ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது. அதுவரை அந்நோய் கண்ட பிள்ளைகளுக்கு மரணமே முடிவாக இருந்தது. நெடுங்காலம் கண்ணாடிக் குழலையும் ஊசியையும் கொதிநீரில் இட்டுப் பயன்படுத்தி வந்த நோயாளிகளுக்கு, 1985-இல் டென்மார்க்கின் நோவோ நிறுவனம் பேனா வடிவக் கருவியை அளித்தது. அதன் அமைப்பு எளிது. உள்ளே கார்ட்ரிட்ஜ் எனப்படும் மருந்துக் குழல். பெரும்பாலானவற்றில் அதன் கொள்ளளவு 3 மில்லி, அதாவது 300 யூனிட். குழலின் அடியில் ஒரு ரப்பர் அடைப்பு. பித்தானை அழுத்தினால் ஒரு தண்டு அந்த அடைப்பைத் தள்ள, மருந்து ஊசி வழியே வெளிவரும். இவற்றுள் ஏதேனும் ஒன்று தடைப்பட்டாலும் பேனா ‘கெட்டுவிட்டது’ என்கிறோம். உண்மையில் கெடுவது பேனாவைவிட ஊசியே மிகுதி.

ஆகவே முதலில் ஊசியைப் பாருங்கள். பயன்படுத்திய ஊசியைப் பேனாவிலேயே விட்டுவைத்தால் மருந்து அதன் நுண்துளையில் உலர்ந்து அடைத்துக்கொள்ளும். குழலினுள் காற்றும் புகும். ஒவ்வொரு முறையும் புதிய ஊசியைப் பொருத்தி, பயன்படுத்தியதும் கழற்றிவிடுவதே முறை. ஊசிக்கு வெளிமூடி, உள்மூடி என இரண்டு மூடிகள் உண்டு. இரண்டையும் நீக்க வேண்டும். இது சொல்லவும் வேண்டுமோ என்று எண்ணாதீர்கள். உள்மூடியை நீக்காமலே ஊசி போட்டுவந்த ஒரு நோயாளி, உடலில் மருந்தே சேராமல் உயிரிழந்த செய்தி அமெரிக்காவில் 2017-ஆம் ஆண்டில் வெளியாகி, மருத்துவ உலகத்துக்கே எச்சரிக்கையாக அமைந்தது.

அடுத்தது காற்றுச் சோதனை. புதிய ஊசியைப் பொருத்தி, 2 யூனிட் திருகி, ஊசிமுனை வானத்தை நோக்கியிருக்கப் பேனாவைப் பிடித்து, குழலை விரலால் மெல்லத் தட்டிப் பித்தானை முழுதும் அழுத்துங்கள். ஊசிமுனையில் ஒரு துளி தோன்ற வேண்டும். தோன்றாவிடில் மூன்று நான்கு முறை இவ்வாறே செய்யலாம். அப்போதும் வராவிடில் ஊசியை மாற்றி மீண்டும் பாருங்கள். புதிய ஊசியிலும் துளி வரவில்லையென்றால் அந்தப் பேனாவை ஒதுக்கிவைத்துவிடுங்கள். துளி காணாத பேனா உடலைத் தொடலாகாது. சிறு வேறுபாடுகள் பேனாவுக்குப் பேனா உண்டு. அதனுடன் வரும் தாளில் எழுதியிருப்பதே இறுதிச் சொல்.

குழலை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் பேனாவாயின், அந்த நிறுவனத்தின் குழலையே இடவேண்டும். வேறொன்று பொருந்துவதுபோல் தோன்றினாலும் அளவு பிழைத்துவிடும். புதுக் குழல் இடும்போது தள்ளுதண்டு பின்னுக்குப் போயிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பேனாக்களில் இவ்விரு கவனமும் கட்டாயம் தேவை. மருந்தின் பெயர் மருத்துவர் எழுதியதுதானா என்பதையும் ஒப்பிட்டறிய வேண்டும்.

பித்தான் பாதியில் நின்றுவிட்டால் பதற வேண்டாம். குழலில் மருந்து தீர்ந்திருக்கலாம். பல பேனாக்களில், இன்னும் செல்லாத யூனிட்டின் எண் சாளரத்தில் தெரியும். 20 யூனிட்டில் 8 என்று காட்டினால் 12 சென்றுவிட்டது. எஞ்சிய 8 மட்டுமே புதிய குழலிலிருந்து போட வேண்டும். ஊசியை எடுத்தபின் முனையில் மருந்து சொட்டுகிறதென்றால் குற்றம் பேனாவினுடையதன்று, நம் அவசரத்தினுடையது. பித்தானை அழுத்தியவாறே பத்து எண்ணியபின் ஊசியை வெளியே எடுங்கள். சிந்திய சொட்டை ஈடுசெய்ய மறுபடி போடாதீர்கள்.

பேனா குறையின்றி இருந்தும் சர்க்கரை இறங்கவில்லையா? ஊசி போடும் இடத்தைத் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோல் தடித்துக் கட்டிபோல் ஆகியிருந்தால் மருந்து சரிவர உடலில் சேராது. மருத்துவரிடம் காட்டி இடத்தை மாற்றுங்கள். பால்போன்ற கலவை இன்சுலினாயின், உள்ளங்கைகளுக்கிடையே பத்துமுறை உருட்டி, பத்துமுறை மேலும் கீழுமாகச் சாய்த்துச் சீராகக் கலந்தபின்பே போட வேண்டும். தெளிந்த இன்சுலின் கலங்கியிருந்தால் அதை எறிந்துவிட வேண்டியதே.

இனி அந்தப் ‘பழைய ஊசி’யின் ஆபத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நம் நாட்டில் குப்பிகளில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட் வலிமையுடையது. சிவப்பு மூடியிட்ட ஊசிக்குழலில் உள்ள கோடுகள் அதற்கென்றே வரையப்பட்டவை. பேனாவில் இருப்பதோ மில்லிக்கு 100 யூனிட். சிலவற்றில் அதனினும் கூடுதல். அந்தச் சிவப்பு மூடி ஊசியால் பேனாவின் மருந்தை 20 என்ற கோடுவரை உறிஞ்சினால் உடலுக்குள் போவது 20 அன்று, 50 யூனிட். இரண்டரை மடங்கு! உறக்கத்திலேயே சர்க்கரை வீழ்ந்து நினைவு தப்பிவிடும். உதவி செய்வதாக எண்ணி மகனே தந்தைக்கு இதைச் செய்துவிடக்கூடும். ஆகவே பேனாவிலிருந்து ஊசியால் மருந்தை உறிஞ்சாதீர்கள்.

பேனா பழுதானதால் மருந்து சென்றதா இல்லையா என்ற ஐயம் எழுந்தால் மறுபடியும் முழு அளவைப் போட்டுவிடாதீர்கள். சர்க்கரையைச் சோதித்து, மருத்துவரைக் கேட்டு, அவர் சொற்படி நடங்கள். வியர்வை, நடுக்கம், கடும் பசி, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை தோன்றினாலோ அளவு 70-க்குக் கீழ் இறங்கினாலோ, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதியுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது, 108-ஐ அழையுங்கள். மாறாக, மருந்தில்லாமல் அளவு ஏறி, வாந்தியும் பெருமூச்சும் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிறு வயதிலேயே இந்நோய் கண்டு இன்சுலினையே நம்பியிருக்கும் பிள்ளைகளுக்கு இது மிகமிகப் பொருந்தும்.

தேவனாம்பட்டினத்துக் கரையில் வாழ்வோர் மற்றொன்றையும் மறக்க முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, மின்கம்பங்கள் சாய்ந்து பல நாட்கள் ஊர் இருளில் கிடந்தது. குளிர்பதனப் பெட்டி வெறும் அலமாரியாகிவிடும் அத்தகைய நாட்களில் இன்சுலினை என்ன செய்வது? திறவாத பேனாவுக்கு 2 முதல் 8 டிகிரிக் குளிர் வேண்டும். பயன்பாட்டிலுள்ள பேனாவோ 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் பெரும்பாலும் நான்கு வாரம் தாங்கும். ஈரமணல் நிரப்பிய பெரிய மண்சட்டிக்குள் சிறு மண்கலயத்தை வைத்து, அதனுள் நனையாத உறையில் பேனாவை இட்டு, ஈரத்துணியால் மூடி நிழலில் வைத்தால் வெளிவெப்பம் அவ்வளவாகத் தாக்காது. பனிக்கட்டியோடு ஒட்டி வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகியபின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பயனற்றதே. கடலுக்குச் செல்வோரும் கடற்கரைக்கு வருவோரும் வண்டிப் பெட்டியின் வெயிலில் பேனாவை விட்டுச் செல்லலாகாது.

ரமலானில் ஸஹர் நேரத்துப் பரபரப்பில் இக்கோளாறுகள் மேலும் இடர் தரும். அளவையும் நேரத்தையும் நோன்பு தொடங்குமுன்பே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-க்கு மேல் ஏறினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையை இறைமறையே அளித்திருக்க, அதை ஏற்பதில் கூச்சம் எதற்கு?

கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே மருந்தாயினும் பேனா தனித்தனியே இருக்க வேண்டும். ஊசியை மாற்றினாலும் இரத்தம் குழலுக்குள் ஏறியிருக்கக்கூடும். பயன்படுத்திய ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, மூடி, மருத்துவமனையில் ஒப்படையுங்கள். குப்பை அள்ளுபவரின் கையும் நம் கை போன்றதே.

இந்த வாரமே செய்ய வேண்டியவை மூன்று. மாற்றுப் பேனா ஒன்றையோ, மருத்துவர் எழுதிக் கொடுத்த குப்பியும் அதற்குரிய ஊசிக்குழலும் அளவுச் சீட்டுமோ வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் பெயர், அளவு, மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். துளி பார்க்கும் முறையை, ஊசி போட்டுக்கொள்பவரைத் தவிர வீட்டில் இன்னொருவரும் கற்றுக்கொள்ளட்டும். கண் மங்கிய பெரியவர் சாளரத்து எண்ணை 6 என்றும் 8 என்றும் குழம்பும் இரவில், பத்தாம் வகுப்புப் பேத்தியின் கண்ணே அவருக்குக் காவலாக அமையும்.