குற்றம் நிரூபணமாகவில்லை, ஆனா வேலை போச்சு: 'மெக்கார்த்தியிசம்' என்றால் என்ன?

1950 பிப்ரவரி 9. அமெரிக்காவின் வீலிங் நகரில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி பேசினார். வெளியுறவு அமைச்சில் வேலை செய்யும் கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தம்மிடம் இருக்கிறது என்றார். முதலில் 205 பேர் என்று செய்தி வந்தது. பிறகு 57. அப்புறம் 81. எண்ணிக்கை மாறியது, பயம் குறையவில்லை.

மக்கள் ஏன் நம்பினார்கள்?

பயத்துக்குக் காரணம் இருந்தது. 1949இல் சோவியத் யூனியன் அணுகுண்டைச் சோதித்தது. சீனாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தார்கள். அணு ரகசியங்களைக் கசியவிட்ட உளவாளிகளும் உண்மையிலேயே பிடிபட்டார்கள். ஆனால் சந்தேகம் உளவாளிகளோடு நிற்கவில்லை.

யாருக்கு என்ன ஆச்சு?

சந்தேகத்துக்கு ஆளான பலர் நீதிமன்றத்துக்கே போகவில்லை. வேலைதான் போனது. விசாரணைக் குழுக்கள் நண்பர்களின் பெயர்களைக் கேட்டன. சொன்னால் நண்பருக்குச் சிக்கல், சொல்லாவிட்டால் தனக்கு. பேசாமல் இருந்தாலும், "ஏதோ மறைக்கிறார்" என்ற பேச்சு.

மெக்கார்த்திக்கு முன்பே இது தொடங்கிவிட்டது. 1947இல் நாடாளுமன்றக் குழுவுக்குப் பதில் தர மறுத்த ஹாலிவுட் கலைஞர்கள் 10 பேர் பின்னர் சிறைக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் திரைக்கதை எழுத்தாளர் டால்டன் டிரம்போ. அவர் வேறு பெயரில் எழுதிய கதைக்கு 1957இல் ஆஸ்கர் கிடைத்தது. மேடையேறி வாங்க அவரால் முடியவில்லை.

எப்படி முடிந்தது?

1954இல் மெக்கார்த்தி ராணுவத்தின் மீதே கை வைத்தார். விசாரணை தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது. அவர் மிரட்டிப் பேசும் விதத்தை மக்கள் பார்த்தார்கள். டிசம்பரில் செனட் 67-22 வாக்குகளில் அவரைக் கண்டித்தது.

ஆனால் அத்துடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. டிரம்போவின் பெயர் மீண்டும் திரையில் வர 1960 ஆனது.